அடைப்பான் கிருமி செல்லும் வழி

'மாடு' என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. அச் செல்வம் ஒரே இரவில் அழிந்து போவதை நாட்டுப்புறத்தில் வாழும் நம்மில் பலர் கண்டிருக்கக் கூடும். மாலையில் நன்றாக மேய்ந்து வந்த பசு, காலையில் தொழுவத்தில் வயிறு உப்பிச் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் கசிந்திருக்கும். "பாம்பு தீண்டிவிட்டது" என்பர் சிலர். "நச்சுப் பூண்டைத் தின்றிருக்கும்" என்பர் வேறு சிலர். எவர் கூறுவது மெய் என்று ஆராயும் முன்னரே, தோலை உரிப்பதற்கும் இறைச்சியைப் பங்கிடுவதற்கும் ஏற்பாடுகள் தொடங்கிவிடும்.

இவ்வாறு திடீரென்று இறக்கும் மாடுகளுள் சில அடைப்பான் நோயால் இறப்பவை. அந் நோய்க்குரிய கிருமி உடலினுள் எவ்வாறு புகுகிறது, புகுந்தபின் யாது செய்கிறது, உடலை விட்டு எவ்வாறு வெளியேறுகிறது என்பவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் அறிந்திருத்தல் வேண்டும். இவற்றை அறிந்தால், கிருமியின் வழியை எந்த இடத்தில் மறிக்கலாம் என்பது தானே விளங்கும்.

சிற்றூர் மருத்துவரின் கண்டுபிடிப்பு

ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியமே காரணம் என்னும் உண்மை முதன்முதலில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது இந்த அடைப்பான் நோயைக் கொண்டேயாகும். 1876ஆம் ஆண்டில் இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை மெய்ப்பித்தார். அவர் அப்போது பெரிய ஆராய்ச்சிக் கூடம் எதிலும் பணியாற்றவில்லை. இன்று போலந்து நாட்டில் அடங்கியுள்ள வோல்ஷ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவராக இருந்தார்.

நோயால் இறந்த கால்நடையின் இரத்தத்தைச் சிறு மரச் சிம்புகளில் தோய்த்து அவர் சுண்டெலிகளின் உடலில் புகுத்தினார், சுண்டெலிகள் மடிந்தன. மாட்டின் கண்ணிலிருந்து எடுத்த நீரில் அக் கிருமியை வளர்த்தார். குச்சி போன்ற கிருமிகள் நீண்ட இழைகளாக வளர்வதையும், அவ் இழைகளினுள் முத்துக் கோத்தாற்போல் சிறு மணிகள் தோன்றுவதையும் நுண்பெருக்கிக் கண்ணாடியின் வழியே கண்டார். அம் மணிகள் காய்ந்து கிடந்த பின்னரும் தக்க சூழ்நிலையில் மீண்டும் கிருமிகளாக மாறின. நோயே இல்லாதிருந்த மேய்ச்சல் தரையில் பல ஆண்டுகள் கழித்து அது திடீரெனத் தோன்றுவது ஏன் என்னும் பழைய கேள்விக்கு இதனால் விடை கிடைத்தது.

ஒரு கிருமி, இரண்டு வடிவம்

அடைப்பான் கிருமி மிகவும் நுண்ணியது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ இருநூறு கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கலாம். ஆயின் அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

உயிருள்ள விலங்கின் உடலில் அது குச்சி வடிவில் இருந்து உண்டு, வளர்ந்து, பெருகும். இவ் வடிவில் அது அத்துணை வலிமை உடையதன்று. கொதிநீரிலும் சாதாரணக் கிருமிநாசினியிலும் விரைவில் மடியும். உடலுக்கு வெளியே வந்து காற்றுப் பட்டதும், உணவு குறைந்த நிலையில், அது தடித்த ஓடு உடைய சிறு மணியாக மாறிவிடுகிறது. ஸ்போர் என்று விஞ்ஞானிகள் கூறும் இம் மணியை நாம் 'வித்து' என்று கூறலாம். நெல்மணி பத்தாயத்தில் உறங்கிக் கிடந்து ஈரம் பட்டதும் முளைப்பது போல, இவ் வித்தும் மண்ணில் உறங்கிக் கிடக்கும். வெயிலும் வறட்சியும் குளிரும் அதனை எளிதில் அழிப்பதில்லை.

வித்தின் ஆயுளை உணர்த்த இரண்டு நிகழ்ச்சிகளைக் குறிப்பிடலாம். ஸ்காட்லாந்து நாட்டின் கரையை அடுத்துள்ள குருய்னார்டு என்னும் சிறு தீவில் 1942ஆம் ஆண்டில், உலகப் போரின்போது, பிரிட்டிஷ் அரசினர் இக் கிருமியைப் படைக்கலமாகப் பயன்படுத்தும் சோதனையை ஆடுகளின் மீது நடத்தினர். 1986ஆம் ஆண்டில் கடல்நீரில் பார்மால்டிஹைடு கலந்து தீவின் மண்ணை நனைத்த பிறகே, 1990ஆம் ஆண்டில் அங்கு மக்கள் செல்லலாம் என்று அறிவிக்கப்பட்டது. மற்றொன்று ருஷ்யாவின் வடகோடியில் உள்ள யமால் பகுதியில் நிகழ்ந்தது. அங்கு 1941ஆம் ஆண்டிற்குப் பின்னர் இந் நோய் காணப்படவில்லை. 2016ஆம் ஆண்டுக் கோடையில் வழக்கத்திற்கு மாறான வெப்பத்தால் உறைந்திருந்த நிலம் இளகியபோது நோய் மீண்டும் தோன்றியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துருவ மான்கள் மாண்டன. சிறுவன் ஒருவனும் உயிரிழந்தான்.

உடலினுள் புகுதல்

நம் நாட்டில் மாடும் ஆடும் பெரும்பாலும் மேய்ச்சலின்போதே இவ் வித்தை உட்கொள்கின்றன. வறட்சிக் காலத்தில் புல் குட்டையாகிவிடுவதால், மாடு மண்ணோடு சேர்த்துக் கடித்து மேய்கிறது. காய்ந்த தாளும் முள்ளும் அதன் வாயிலும் தொண்டையிலும் சிறு கீறல்களை உண்டாக்குகின்றன. வறட்சியை அடுத்துப் பெருமழை பெய்யும்போது, வெள்ளம் வித்துக்களை அடித்துக்கொண்டு போய் நீர் தேங்கும் தாழ்வான இடங்களில் சேர்க்கிறது. அங்குத் துளிர்க்கும் இளம்புல்லை நாடிக் கால்நடைகள் செல்கின்றன. முதல் மழைக்குப் பின் அடைப்பான் நோய் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

கீறல் வழியாக நுழைந்த வித்தை உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் எதிர்கொள்கின்றன. அவை வித்தை விழுங்கிவிடுகின்றன. பெரும்பாலான கிருமிகளின் கதை இவ்விடத்தில் முடிந்துவிடும். அடைப்பான் வித்தோ விழுங்கிய அணுவினுள்ளேயே முளைக்கத் தொடங்குகிறது. அவ் அணு அதனைச் சுமந்தவாறே அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் செல்கிறது. அங்குக் கிருமி அணுவை உடைத்துக்கொண்டு வெளிப்படுகிறது. கள்வனைப் பிடித்த காவலாளே அவனை ஊர் நடுவில் கொண்டுவந்து விடுவது போன்றது இது.

உறையும் நஞ்சும்

வெளிப்பட்ட கிருமிக்கு இரண்டு படைக்கலங்கள் உண்டு. ஒன்று உறை; மற்றொன்று நஞ்சு. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அது கொல்லும் வலிமையைப் பெறுகிறது.

கிருமி தன்னைச் சுற்றிக் குளூட்டாமிக் அமிலம் என்னும் பொருளால் ஆன வழுவழுப்பான உறை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. இவ் உறையினால் வெள்ளணுக்களால் அதனைப் பற்றி விழுங்க இயலாமற் போகிறது. ஆகவே கிருமி இரத்தத்தில் தடையின்றிப் பெருகுகிறது.

நஞ்சு மூன்று புரதங்களால் ஆனது. இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீங்கு செய்வதில்லை. முதல் புரதம் உடலின் அணுக்களின் மீது ஒட்டிக்கொண்டு, ஏழேழாகக் கூடி வளையம் போன்ற வாயிலை அமைக்கிறது. மற்ற இரண்டும் அவ் வாயில் வழியாக அணுவினுள் நுழைகின்றன. அவற்றுள் ஒன்று அணுக்களின் நீர்ச் சமநிலையைக் கெடுத்து வீக்கத்தை உண்டாக்குகிறது. மற்றொன்று, அணுவினுள் செய்தி கொண்டு செல்லும் புரதங்களை வெட்டி அதன் செயலை நிறுத்துகிறது. இதனால் காவற்படை மேலும் தளர்கிறது. இரத்தக் குழாய்கள் கசிகின்றன. இரத்த ஓட்டம் குலைகிறது.

மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் காணும், உடல் நடுங்கும், மூச்சு வாங்கும், பால் வற்றும். பின்னர் அது விழுந்து துடித்து இறக்கும். சில சமயங்களில் இவற்றுள் ஒன்றையும் நாம் காண்பதற்கு முன்னரே சாவு நேர்ந்துவிடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெனிசிலின் முதலிய மருந்துகள் பயன் தரும். காலம் தாழ்ந்தால், மருந்து கிருமியைக் கொன்றாலும், இரத்தத்தில் முன்னரே சேர்ந்துவிட்ட நஞ்சை அதனால் நீக்க முடிவதில்லை.

மீண்டும் மண்ணுக்கு

இனிக் கூறப்போவது இக் கட்டுரையின் உயிர்நிலை. காசநோய்க் கிருமி நோயாளியின் இருமல் வழியாகப் பரவுகிறது. வாந்திபேதிக் கிருமி அவர் கழிக்கும் மலத்தின் வழியாகப் பரவுகிறது. அவற்றிற்கு நோயாளி உயிரோடு நடமாடுவதே ஆதாயம். அடைப்பான் கிருமி அவ்வாறு ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்கு நேரே தொற்றுவது அரிது. அது மண்ணுக்குத் திரும்பி வித்தாக வேண்டுமானால், மாடு சாக வேண்டும். அதன் இரத்தம் வெளியே சிந்த வேண்டும். சாகும் தறுவாயில் ஒரு சொட்டு இரத்தத்தில் பல இலட்சம் கிருமிகள் நிறைந்திருக்கும். அவ் இரத்தம் எளிதில் உறையாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

செத்த மாட்டின் உடலை அறுக்காமல் விட்டால் உள்ளே நடப்பது என்ன? அங்குக் காற்று இல்லை. ஆதலால் குச்சிக் கிருமி வித்தாக மாற இயலாது. குடலில் உள்ள அழுகற் கிருமிகள் பெருகி, சில நாட்களில் அடைப்பான் கிருமிகளை அழித்துவிடுகின்றன. உடலைக் கீறினாலோ, இரத்தம் மண்ணில் கொட்டும்; காற்றுப் படும்; கோடிக்கணக்கான வித்துக்கள் உண்டாகும். நாயும் காக்கையும் அவற்றைத் திசைதோறும் பரப்பும். ஒரு மாட்டோடு முடிந்திருக்க வேண்டிய நோய், ஒரு தலைமுறைக்கு அவ் ஊர் மேய்ச்சல் தரையில் குடியேறிவிடும்.

ஆகவே, திடீரென்று இறந்த மாட்டைக் கத்தி கொண்டு தொடலாகாது. காரணம் அறிவதற்காகக் கூட வயிற்றைத் திறந்து பார்க்கலாகாது. கால்நடை மருத்துவர் காது நரம்பிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்பெருக்கியில் பார்த்தே நோயை அறிந்துவிடுவார்.

மனிதருக்கு நேரும் தீங்கு

இந் நோய் மனிதரையும் பற்றும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இது தோல் வழியாகவே வருகிறது. தோலை உரிக்கும்போதும் இறைச்சியை வெட்டும்போதும் கையிலுள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி புகுகிறது. சில நாட்களில் அவ்விடத்தில் பூச்சிக் கடி போன்ற தடிப்புத் தோன்றும், பின்னர் கொப்புளமாகும், அதன்பின் நடுவில் கரி போலக் கறுத்த பொருக்குக் கட்டிச் சுற்றிலும் வீங்கும். இந் நோயின் ஆங்கிலப் பெயராகிய ஆந்த்ராக்ஸ் என்பதே கரியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும். இப் புண்ணில் பெரும்பாலும் வலி இராது. வலி இல்லை என்று வாளா இருத்தல் பெரும் பிழை. சிகிச்சை இன்றேல் ஐவருள் ஒருவர் வரை இறக்க நேரலாம். தக்க காலத்தில் மருந்து உட்கொண்டால் ஏறத்தாழ அனைவரும் பிழைப்பர்.

அரைகுறையாக வெந்த இறைச்சியை உண்டவருக்குக் குடலில் நோய் உண்டாகும். அது தோல் நோயினும் கொடியது. "நன்றாக வேக வைத்தால் தீங்கில்லை" என்று வாதிடுவோர் உண்டு. வெந்த இறைச்சி தட்டுக்கு வருவதற்கு முன், அதனை உரித்தவர், வெட்டியவர், கழுவியவர் ஆகியோரின் கைகளை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வித்துக்களை மூச்சோடு உள்ளிழுப்பதால் வரும் நோய் யாவற்றினும் கொடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கம்பளி மயிரைத் தரம் பிரித்த தொழிலாளர் பலர் இதற்கு இரையாயினர். தமிழ்நாட்டிலும் மனிதருக்கு இந் நோய் கண்டதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

தடுப்பூசி

1881ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் பிரான்சு நாட்டின் புய்யி-லெ-ஃபோர் என்னும் ஊரில் பலரும் காணச் சோதனை ஒன்றை நடத்தினார். 24 செம்மறியாடுகளுக்கு வலிமை குறைத்த கிருமியை ஊசி மூலம் செலுத்தினார். வேறு 24 ஆடுகளுக்குச் செலுத்தவில்லை. பின்னர் மே 31ஆம் நாள் எல்லா ஆடுகளுக்கும் கொல்லும் கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2ஆம் நாள் உழவரும் கால்நடை மருத்துவரும் கூடிப் பார்த்தபோது, ஊசி பெற்ற ஆடுகள் நின்று கொண்டிருந்தன. பெறாதவை மடிந்தும் மடிந்துகொண்டும் இருந்தன.

இன்று கால்நடைகளுக்கு இடப்படும் ஊசி மருந்து, தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1930களில் கண்டறிந்த வகையைச் சேர்ந்தது. மேலே கூறிய இரண்டு படைக்கலங்களுள் உறையை அமைக்கும் ஆற்றலை இழந்த கிருமி இது. உறை இன்மையால் வெள்ளணுக்கள் இதனை எளிதில் அழிக்கின்றன. அதற்கிடையே நஞ்சின் புரதங்களை உடல் அறிந்துகொண்டு எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. இராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் இம் மருந்து தயாரிக்கப்படுகிறது.

இதன் பயன் நிலைத்திருக்க வேண்டுமானால், நோய் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும். காப்பு உண்டாகச் சில நாட்கள் செல்லுமாதலால், நோய்ப் பருவத்துக்கு முன்னரே போட்டுவிட வேண்டும். இது உயிருள்ள கிருமியால் ஆன மருந்து. ஊசி போடும் சமயத்தில் பெனிசிலின் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் ஊசியின் பயன் கெடும். அடைப்பான் வேறு, தொண்டை அடைப்பான் வேறு, சப்பை நோய் வேறு. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. எந்த ஊசி என்றைக்குப் போடப்பட்டது என்று குறித்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

பஞ்சாயத்து செய்ய வேண்டுவன

முதலாவதாக, திடீர்ச் சாவு நேர்ந்ததும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அறிவித்தல் வேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி கோரலாம். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோய் கண்டதாக ஐயுறும் உரிமையாளர் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. நோயால் இறந்த உடலை ஆறு, ஏரி, கால்வாய்களில் போடுவதும் அச் சட்டப்படி குற்றமாகும்.

இரண்டாவதாக, மருத்துவர் வரும் வரையில் நாய், காக்கை, சிறுவர் எவரும் நெருங்காதவாறு காவல் வைக்க வேண்டும். பின்னர் அவர் கூறும் முறையில் மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றைக் கிருமிநாசினி தோய்த்த பஞ்சால் அடைக்க வேண்டும். உடலைத் தரையில் இழுத்துச் செல்லலாகாது. கனமான தார்ப்பாயில் கிடத்தித் தூக்கிச் செல்ல வேண்டும். தூக்குவோர் கையுறையும் காலுறையும் அணிந்திருக்க வேண்டும். கையில் புண் உள்ளவர் இப் பணிக்கு வரலாகாது.

மூன்றாவதாக, உடலை எரிப்பதே சிறந்தது. அதற்கு விறகு போதாதெனின், கிணறு, ஓடை, ஏரி ஆகியவற்றிற்கு அப்பால் ஆறடிக்குக் குறையாத ஆழத்தில் தோலோடு புதைக்க வேண்டும். சுண்ணாம்பு தூவிவிட்டோம் என்ற நம்பிக்கையில் குழியின் ஆழத்தைக் குறைக்கலாகாது. சுண்ணாம்பினால் வித்து அழிந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. மாடு கிடந்த இடத்து வைக்கோல், சாணம், இரத்தம் தோய்ந்த மேல்மண் ஆகியவற்றையும் அவ்வாறே எரிக்கவோ உடன் புதைக்கவோ வேண்டும்.

நான்காவதாக, புதைத்த இடத்தைப் பஞ்சாயத்துப் பதிவேட்டில் புல எண்ணோடு குறித்து, முள்வேலி இட வேண்டும். பஞ்சாயத்தின் பதவிக் காலம் ஐந்து ஆண்டு. வித்தின் ஆயுளோ அதனினும் பன்மடங்கு. பிற்காலத்தில் வரும் அங்கத்தினர்கள் அவ் இடத்தில் மண் வெட்டவோ குட்டை தோண்டவோ ஆணையிடாதிருக்க அக் குறிப்பே வழிகாட்டும்.

ஐந்தாவதாக, செத்த மாட்டைக் கையாண்டவர் அனைவரின் பெயரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புண்ணோ காய்ச்சலோ கண்டால், "செத்த மாட்டைத் தொட்டேன்" என்று மருத்துவரிடம் மறைக்காமல் கூறுமாறு அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். அவ் ஒரு சொல் உயிரைக் காக்கும்.

ஏழையின் இழப்பு

இவை யாவும் எளிதில் நடைபெறக் கூடியவை அல்ல என்பதை நாம் அறியாமல் இல்லை. ஒரே கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு, செத்த மாட்டின் தோலும் இறைச்சியும் தரும் சிறு தொகைகூடப் பெரிதாகத் தோன்றும். புதைத்துவிடு என்று கூறுவது நமக்கு எளிது. குழி வெட்டும் கூலியையும் தானே தர வேண்டிய நிலையில் உள்ளவர் இரவோடிரவாக மாட்டை விற்றுவிடவே எண்ணுவார். அவரைக் குற்றம் கூறுவதால் கிருமி நின்றுவிடாது.

ஆகவே, குழி வெட்டுவதையும் கிருமிநாசினி வாங்குவதையும் ஊர்ப் பொதுப் பொறுப்பாகப் பஞ்சாயத்து ஏற்றுக்கொள்ளுதல் தகும். மாடுகளைக் காப்பீடு செய்யுமாறு கிராம சபையில் எடுத்துரைத்து, உரிமையாளர் இழப்பீடு பெறக் காது வில்லையையும் மருத்துவர் சான்றையும் உரிய இடத்தில் சேர்ப்பிக்கத் துணை நிற்க வேண்டும். மண்ணிலுள்ள வித்தை முற்றிலும் ஒழிக்க நம்மால் இயலாது. ஆனால் புதிய வித்து மண்ணில் விழாமல் தடுக்க இயலும். அதற்கு ஊரார் முன்னரே கூடிப் பேசி, திடீரென்று இறந்த மாட்டை அறுப்பதில்லை என்றும், உரிமையாளரைத் தனியே விடுவதில்லை என்றும் தீர்மானம் செய்துகொள்ளுதல் வேண்டும். அடுத்த மழைக்கு முன் நடக்கும் கிராம சபையே அதற்கு ஏற்ற இடம்.